பயணம் செய்து வருகிறவர்களுக்கு மண்பாண்ட வகுப்பு: எத்தனை பேர், எத்தனை வருகை?

கேள்வி | திகிரி

வணக்கம். ஊருக்கு வெளியே சின்ன மண்பாண்டக் கூடத்தில் தொடக்கநிலை வகுப்பு ஆரம்பிக்கிறோம். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம், சக்கரம் மூன்று. மின்சூளை 8 கிலோவாட், உள்ளே பாண்டம் அடுக்கும் தட்டின் விட்டம் 45 செ.மீ., உள் உயரம் 60 செ.மீ. எங்கள் மண் ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த சூட்டில் கெட்டியாக இறுகும் வகை; கோன் 6-க்கு, 1220 டிகிரி சுமாருக்குச் சுடவேண்டும் (கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு; எந்தச் சூட்டில் வளையும் என்பதை அதன் எண் சொல்லும்).

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். செய்ய ஒரு நாள், அடி செதுக்க ஒரு நாள், கிளேஸ் (கண்ணாடிபோல் உருகிப் படியும் மேல்பூச்சு) பூச ஒரு நாள், எடுத்துப்போக ஒரு நாள் என்று நான்கு முறை அலையவிட முடியாது. வகுப்பை எப்படி அமைப்பது? வாரம் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாமா? இன்னும் இரண்டு சிக்கல்கள்: சூளை 1100 டிகிரிக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது; கை கழுவும் தண்ணீர் நேராக செப்டிக் டேங்குக்குப் போகிறது.

பதில் | பச்சைமண்

இருக்கையை வைத்து ஆள் கணக்குப் போடாதீர்கள். சூளையில் என்ன கொள்ளும், காயவைக்கும் அலமாரியில் என்ன கொள்ளும் என்று பாருங்கள். கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சுடலில் பாண்டங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். கிளேஸ் சுடலில் ஒன்றையொன்று தொடவே கூடாது. 45 செ.மீ. தட்டில் கைப்பிடி வைத்த கோப்பை ஏழெட்டு நிற்கும். 15 செ.மீ. கிண்ணம் என்றால் நாலு, நெருக்கினால் ஐந்து. உங்கள் உயரத்துக்குக் கோப்பைக்கு நான்கு அடுக்கு போடலாம். ஆக ஒரு கிளேஸ் சுடலுக்கு முப்பது சொச்சம். எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று செய்தால் 24. ஒரு வகுப்புக்கு ஒரு கிளேஸ் சுடல் அப்படியே போய்விடும். செய்ததிலிருந்து கையில் கொடுக்கும்வரை மூன்று வாரமாவது ஆகும் என்பதால், வாராவாரம் வகுப்பு வைத்தால் எப்போதும் மூன்று வகுப்பின் பாண்டங்கள் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். எழுபது உருப்படிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஆறு பேர், ஆளுக்கு இரண்டு உருப்படி.

ஒருநாள் வகுப்பில் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். சக்கரத்தில் வனைந்ததை மறுநாளோ அதற்கு மறுநாளோ அடி செதுக்கியாக வேண்டும். அங்கேயே இன்னொரு பயணம் வந்துவிடுகிறது. அதைத் தனி வகுப்பாக, மூன்றே பேருக்கு, தொடர்ச்சியாக வரக்கூடியவர்களுக்கு மட்டும் வையுங்கள்.

மற்றவர்களுக்குத் தகடு முறை. முந்தின நாள் மாலையே நீங்கள் 6 மி.மீ. கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணை உருட்டித் தகடாக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்துவிடுங்கள். தலைக்கு ஒன்றரை கிலோ மண் போதும். காலையில் தகடு வளைத்தால் விரிசல் விடாது, நிறுத்தினால் சரியாது. அந்தப் பதம்தான் வேண்டும். வெட்டுவார்கள், ஓரத்தைக் கீறி மண்குழம்பு தடவி ஒட்டுவார்கள், உடனே வண்ணக் குழம்பும் தீட்டிவிடலாம். ஈர மண்ணில் தீட்டினால் சுவர் ஊறிச் சரிந்துவிடும். முந்தின நாளே தகடு போடச் சொல்வது இதற்காகத்தான்.

வண்ணக் குழம்புக்கு உங்கள் மண்ணையே காயவைத்து, 100 கிராமுக்கு 10 கிராம் செராமிக் ஸ்டெயின் (சூளைச் சூட்டைத் தாங்கும் நிறத்தூள்) சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து 80 கண் (அங்குலத்துக்கு 80 துளை) சல்லடையில் வடிகட்டுங்கள். அதே மண் என்பதால் சுருக்கமும் ஒன்றாகவே இருக்கும், உரிந்து வராது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஈரப் பளபளப்பு அடங்கவேண்டும். முதல் சுடலுக்குப் பின் தெளிந்த கிளேஸில் நீங்களே இரண்டு மூன்று விநாடி முக்கி எடுத்துச் சுடுங்கள். கிளேஸ் தடித்தால் பால்போல் மங்கி, அவர்கள் தீட்டியது மறைந்துபோகும். முக்குவதற்கு முன், கிளேஸ் ஒட்டாதபடி அடியிலிருந்து 5 மி.மீ. உயரம் வரை மெழுகு தடவ மறக்காதீர்கள். நான்கு பயணம் இரண்டாகிவிடும்: செய்ய ஒன்று, எடுத்துப்போக ஒன்று. பார்சலில் அனுப்பினால் ஒன்றே.

இரண்டு விஷயத்தை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 10 செ.மீ. கோப்பை 8.8 செ.மீ. ஆகும். அடியில் பெயரை ஊசியால் கீறவேண்டும். பென்சில் எழுத்து சூளையில் எரிந்துவிடும்.

பதில் | தெர்மோகப்பிள்

சூளை ஏறாததற்கு முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கம்பிச்சுருளின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட்டுக்குச் செய்த சூளைக்கு 200 வோல்ட்தான் வருகிறது என்றால் உங்கள் 8 கிலோவாட் 6 கிலோவாட்டாகிவிடும். 1000 டிகிரி வரை மெதுவாகவாவது ஏறிவிடும். அதற்குமேல் சுவர் வழியாக வெளியேறும் வெப்பமும் உள்ளே வரும் வெப்பமும் சமமாகி அப்படியே நின்றுவிடும்.

எல்லாச் சுருளும் எரியும்போது மின்பணியாளரை வைத்து இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: மெயின் போர்டிலும், சூளையின் முனையிலும். போர்டில் 228, சூளையில் 210 என்றால் இடையிலுள்ள வயர் மெல்லியது. 35 ஆம்பியர் நீண்ட நேரம் ஓடும் தடத்துக்கு அது சூடேறும் ஆபத்தும்கூட. தடித்த செம்புக் கம்பி மாற்றியே ஆகவேண்டும். போர்டிலேயே 200 என்றால் லைன் குறைவு. அக்கம்பக்கத்தில் தண்ணீர் மோட்டார்கள் ஓடாத நேரத்தில் உச்சத்தைத் தொடும்படி, பின்னோக்கிக் கணக்கிட்டுச் சூளையைப் பற்றவையுங்கள். இரண்டு இடத்திலும் அழுத்தம் சரியாக இருந்தால் சுருள்களின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். புதிதில் இருந்ததைவிட 10 சதவீதம் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கோன் 5, 6, 7 மூன்றையும் பார்வைத் துளைக்கு நேரே நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்தால் திரையில் தெரியும் எண்ணை நம்பமுடியாது. வெப்பம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதைக் கோன் வளைவுதான் காட்டும்.

முதல் சுடலில் வெடிப்பதற்கு எல்லாரும் காற்றுக்குமிழியைக் குற்றம் சொல்கிறார்கள். வெடிக்கவைப்பது ஈரம். பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. கற்றுக்கொள்பவர்களின் வேலையில் கனம் சீராக இருக்காது. அதனால் 85 டிகிரியில் நான்கு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து 600 வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் விரிசல் விழுவது இதனால்தான். 100-க்குக் கீழே வந்தபின் திறங்கள்.

பதில் | அடிவண்டல்

செப்டிக் டேங்க் இணைப்பை இன்றே நிறுத்துங்கள். களிமண் மக்காது, அடியில் படிந்து இறுகி, உறிஞ்சுகுழியின் கண்களையும் அடைக்கும். மூன்று வாளி போதும்: முதலாவதில் மண் போகக் கழுவல், இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் சுத்தத் தண்ணீர். இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மண்ணில் ஊற்றலாம். அடிவண்டலை பிளாஸ்டர் பலகையில் விரித்தால் மறுபடி மண்ணாகும். பலகையைச் சுரண்டாதீர்கள், பிளாஸ்டர் துகள் மண்ணில் கலந்தால் சுட்டபின் அந்த இடம் பொரிந்து விழும். கிளேஸ் கழுவிய வாளி தனி. அதை மண்ணிலும் ஊற்றக்கூடாது; தண்ணீர் வற்றியபின் எஞ்சுவதைச் சேர்த்துவையுங்கள்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. காய்ந்த மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். ஈரத்துணிதான். மேஜையில் கித்தான் துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், தட்டும்போதெல்லாம் தூசி பறக்கும். பூச்சில்லாத பிளைவுட் பலகையிலும் மண் ஒட்டாது.

திகிரி

மூவருக்கும் நன்றி. போர்டில் 226, சூளையில் 207. வயர்தான். இன்னொன்று: சுடுகூலியைத் தனியாக எப்படிக் கணக்கிடுவது?

பச்சைமண்

நீளம், அகலம், உயரம் பெருக்கிக் கன சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஒரு சுடலின் மின்செலவோடு சுருள், தட்டுத் தேய்மானத்தையும் கூட்டி, சூளையின் முழுக் கொள்ளளவால் வகுக்காமல் அதில் பாதியால் வகுங்கள். தட்டும் தூணும் இடைவெளியும் போக உண்மையில் பாண்டம் நிற்பது அவ்வளவுதான். கிளேஸ் வழிந்து தட்டில் ஒட்டினால் யார் பொறுப்பு என்பதையும் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.