கோட்டை மேட்டில் சைக்கிள் ஏறலாமா?

பஞ்சர்பாண்டி

சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதையைச் சைக்கிளில் முடித்துவிட்டேன் மக்களே. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை 160 கிலோமீட்டர், மூன்று நாள். தென் இங்கிலாந்தில் இருப்பதெல்லாம் மலையா என்று கேலி செய்தவர்களுக்கு ஒரு தகவல்: பட்சர் ஹில் 270 மீட்டர்தான். ஆனால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி என்று கூட்டினால் மொத்த ஏற்றம் 4000 மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. மாடியேறினால் தொடை இன்னும் திட்டுகிறது.

வழியெல்லாம் சரித்திரம். பிக்னர் ஹில் மேலே ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் என்ற சாலை குறுக்கே போகிறது. அங்குள்ள கைகாட்டியில் லண்டனுக்கு லண்டினியம் என்று ரோமப் பெயரையே எழுதியிருக்கிறார்கள். கிளேட்டனில் ஜாக், ஜில் என்று இரண்டு காற்றாலைகள். ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டியது. 1852இல் மாடுகளைப் பூட்டி இந்த மேட்டுக்கு இழுத்து வந்தார்களாம். நான் ஒரு சைக்கிளை ஏற்றுவதற்கே நாக்குத் தள்ளிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சாங்டன்பரி ரிங் பக்கத்தில், அது ஓர் இரும்புக்கால மண்கோட்டை, ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடந்து வந்த ஒரு பெரியவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற மேடு. உங்கள் டயர்தான் இதை முடித்து வைக்கப் போகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் போனது பிரைடில்வே, அதாவது குதிரைப்பாதை. சைக்கிளுக்குச் சட்டப்படி உரிமை உள்ள வழி. பாதையை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை. அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நடைராஜா

அந்தப் பெரியவர் நான் இல்லை பாண்டி. நானாக இருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே சொல்லியிருப்பேன்.

1968 கிராமப்புறச் சட்டம், 30ஆவது பிரிவு என்று அடுத்து நீங்கள் ஆரம்பிப்பீர்கள். தெரியும். குதிரைப்பாதையில் சைக்கிள் விடலாம் என்று சொல்கிற அதே பிரிவுதான், நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமையை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த வரி மட்டும் ஏனோ நிற்பதில்லை. டிச்லிங் பீக்கன் குன்றின் இறக்கத்தில் முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டு நான் முள்புதருக்குள் ஒதுங்கியது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒரு மணி அடித்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

என் பெரிய வருத்தம் அது கூட இல்லை. வேகமாக இறங்குகிறவனின் கண் எங்கே இருக்கும்? முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால். சக்கிமுக்கிக்கல் டயரைக் கிழிக்குமா, மாட்டுச்சாணியில் வழுக்குமா, இதுதான் மனம் முழுக்க. பக்கத்தில் அகழி இருந்தால் என்ன, ரோமானியர் கோவில் கட்டிய இடமாக இருந்தால் என்ன. 160 கிலோமீட்டர் சரித்திரத்தைக் கடந்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். பார்த்தீர்களா?

பஞ்சர்பாண்டி

பார்த்தேன் அண்ணே. நடந்து போனால் தெரியாத ஒன்றையும் பார்த்தேன்.

சாங்டன்பரி, டெவில்ஸ் டைக், டிச்லிங் பீக்கன். மூன்றிலும் மண்கோட்டை இருந்திருக்கிறது. நடந்தால் இன்று ஒன்று, நாளைக்கு இன்னொன்று. நான் மூன்றையும் ஒரே காலையில் கடந்தேன். ஒன்றில் நின்று திரும்பிப் பார்த்தால் வந்த முகடு மொத்தமும் தெரிகிறது, வடக்கே சமவெளி முழுக்க விரிகிறது. இந்த முகட்டில் இருக்கிறவன் கண்ணில் படாமல் கீழே ஒருவன் ஆடு ஓட்டிக்கொண்டு கூடப் போக முடியாது. ஏன் கோட்டைகளை வரிசையாக இங்கே வைத்தான் என்பது எனக்கு எந்தப் பலகையையும் படித்துப் புரியவில்லை. ஒரே மூச்சில் கடந்ததால் புரிந்தது.

மணி விஷயத்தில் தலை குனிகிறேன். என் சைக்கிளில் மணி இல்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்று கத்துவதுதான் வழக்கம்.

சங்கிலிச்சாமி

"டயர் முடித்து வைக்கும்" என்பதற்கு ஆதாரம் என்ன? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1994இல் மான்டனா மலைப்பாதைகளில் வில்சன், சீனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டார்கள். குதிரையும் நடப்பவரும் சக்கரத்தைவிட அதிகமாக மண்ணைக் கிளறிவிட்டார்கள். 2001இல் தர்ஸ்டன், ரீடர் இருவரும் கனடாவின் ஒன்டாரியோவில் 500 தடவை வரை நடக்கவிட்டும் ஓட்டவிட்டும் செடியையும் மண்ணையும் பார்த்தார்கள். இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

பூட்ஸ் போட்டவருக்கு மலை சொந்தம், சக்கரம் வைத்தவர் திருடன் என்பது வெறும் வழக்கம். இங்கிலாந்தில் உள்ள பொதுவழிகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் எங்களுக்கு. மிச்சமெல்லாம் நடப்பவருக்கே. 2000ஆம் ஆண்டுக் கிராமப்புற வழியுரிமைச் சட்டம் திறந்துவிட்ட மேட்டுநிலங்களிலும் நடக்கத்தான் உரிமை, சைக்கிளுக்கு இல்லை. இந்த ஒரு துண்டையும் பிடுங்க வேண்டுமா?

நடைராஜா

சாமி, சோதனைக்காக ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டுவான். சனிக்கிழமை காலையில், நேரத்தை ஊருக்கே காட்டும் செயலியை ஓடவிட்டுக்கொண்டு வருகிறவன் அப்படி ஓட்டுவானா? வளைவில் பின்பிரேக்கை இறுக்கி டயரைச் சறுக்கவிடுகிறானே, அதை யார் அளந்தார்கள்? மான்டனா மண் வேறு, இந்தச் சுண்ணாம்பு மேடு வேறு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் ஒரு நாளில் 20 கிலோமீட்டர் தேய்ப்பேன். நீங்கள் 55. அடிக்கு அடி சேதம் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் கணக்குப் போட்டால்?

ஓரக்கண்

இருவரும் சண்டை போடுங்கள். நடுவில் மாடு நின்றுகொண்டிருக்கிறது, அதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பழங்கல்

ஓரக்கண் விளையாட்டாகச் சொன்னது உண்மைதான். மண்கோட்டை மேடுகளில் விடுமுறை நாள்களில் தன்னார்வலராகப் புதர் வெட்டுகிறவள் நான். ஈரக்காலத்தில் மேட்டுச் சரிவில் மாடு ஏறி இறங்கிய இடத்தைப் பார்த்தால் அழுகை வரும். முயல் வளை, அதைவிட மோசமாக, பேட்ஜர் என்கிற மண் தோண்டும் விலங்கின் வளை. சாங்டன்பரியில் என்ன நடந்தது தெரியுமா? 1760இல் சார்லஸ் கோரிங் என்கிற இளைஞர் அந்த வளையத்தில் பீச் (beech) மரங்களை நட்டார். பார்க்க அழகுதான், இன்று அந்த இடத்துக்கு அடையாளமே மரங்கள்தான். 1987 பெரும்புயலில் அவற்றில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரம் சும்மா சாயுமா? வேர் பிடித்திருந்த மண்ணையும் சேர்த்துப் பிளந்துகொண்டுதான் விழும். கீழே இருப்பது ரோமானியர் காலக் கோவில்கள். எந்த டயரும் ஓர் இரவில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

அதனால் சைக்கிள் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. சாமி தம்பி காட்டிய ஆய்வுகள் பாதையைப் பற்றியவை. கோட்டையின் மதில்மேடு பாதை இல்லையே. அங்கே புல்லுக்குக் கீழே மண் ஒரு சாண் இருந்தால் அதிகம், அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. அகழியில் இறங்கி மறுபக்கம் ஏறி எகிறிக் குதிக்க அந்தச் சரிவு அளவெடுத்தது போல இருக்கிறது. இளவட்டங்களுக்கு ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. பத்துப் பேர் ஒரே இடத்தில் இறங்கினால் புல் போய்விடும். அடுத்த மழைக்கு அந்தத் தடம் வாய்க்கால். அதற்குப் பிறகு சைக்கிளே வர வேண்டாம், தண்ணீரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போவது புல்லும் மண்ணும் மட்டும் என்றால் மறுபடி நிரப்பலாம். அந்த மண்ணில் எந்த அடுக்கு எந்தக் காலம் என்ற செய்தி இருக்கிறது. அதை நிரப்ப முடியாது.

பதிவான தொல்சின்னத்தைத் தெரிந்தே, பொறுப்பில்லாமல் சேதப்படுத்தினால் 1979 தொல்சின்னச் சட்டப்படி அது குற்றம். நடப்பவருக்கு மட்டுமான பொதுவழியில் சைக்கிள் விட்டால் பெரும்பாலும் நில உரிமையாளரோடு தீர்க்க வேண்டிய அத்துமீறல்தான். இரண்டும் ஒன்று இல்லை. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பாண்டி, நீங்கள் பாதையிலேயே இருந்தீர்கள் என்றால் அந்தப் பெரியவர் உங்களிடம் சொன்னது தப்பு. ஆனால் அவருடைய கோபம் வேறு யாரோ போட்ட தடத்தைப் பார்த்து வந்தது, எனக்கு அதுவும் புரிகிறது.

முழங்கால்முருகன்

வயது 63. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள், என்னிடம் இருப்பது மிதித்தால் உதவி செய்கிற மின்சைக்கிள். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் நின்றுவிடும். இந்த வரம்புக்குள் இருந்தால் சட்டம் அதைச் சாதாரண சைக்கிளாகத்தான் பார்க்கிறது, குதிரைப்பாதையிலும் விடலாம். அது இல்லையென்றால் டெவில்ஸ் டைக்கை நான் படத்தில்தான் பார்த்திருப்பேன்.

கடல்நீரைத் திருப்பி ஊர்களை மூழ்கடிக்க சாத்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டினான், ஒரு கிழவி மெழுகுவத்தி ஏற்றிச் சேவலைக் கூவவைத்ததும் விடிந்துவிட்டதென்று பயந்து ஓடினான் என்று அங்கே கதை. உண்மையில் பனியுகம் வெட்டிய பள்ளத்தாக்கு. இருந்தாலும் விளிம்பில் நிற்கும்போது எனக்குக் கிழவி கட்சிதான்.

நடைராஜா தம்பி, என்னையும் முள்புதருக்கு அனுப்பிவிடுவீர்களா?

நடைராஜா

ஐயா, உங்களிடம் நான் எப்படி வாதாடுவது? நீங்கள் வாருங்கள். உங்களுடையதைப் போல ஒரு மின்சைக்கிளை வாங்கி ஓட்டுகிற இருபது வயதுப் பையன்தான் என் பிரச்சினை. மேடு ஏறும் வலி இல்லாமல் உச்சிக்கு வந்துவிடுகிறான், அதே இறக்கத்தில் காலையில் ஆறு தடவை இறங்குகிறான்.

சங்கிலிச்சாமி

பழங்கல் அக்கா, மதில்மேடு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் பாதையிலும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தால் நான் விடமாட்டேன். எங்களை வெளியே தள்ளினால் அந்தப் பையன்கள் எங்கே போவார்கள்? காட்டுக்குள், தடம் இல்லாத இடத்துக்கு. அங்கே எந்த ஈமமேடு இருக்கிறதென்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தகவல் வராது.

பஞ்சர்பாண்டி

முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மதியம் மழை. நனைந்த சுண்ணாம்பு சோப்புக்கட்டி மாதிரி, இங்கே ஓட்டினவர்களுக்குத் தெரியும். ஓர் இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் பின்டயர் தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் போய்விட்டது. பாதை ஓரப் புல்லில் பத்தடிக்கு வெள்ளைக் கோடு. கோட்டை மேடு இல்லை, வெறும் சரிவுதான். ஆனால் நடைராஜா அண்ணன் சொன்ன சறுக்கலைப் போட்டவன் நானும்தான். மழையில் போயிருக்கக் கூடாது. விடுப்பு மூன்று நாள்தான் என்பதால் போனேன்.

இன்னொரு வேடிக்கை. ஆல்ஃபிரிஸ்டனில் வழி இரண்டாகப் பிரிகிறது. நடப்பவர்கள் செவன் சிஸ்டர்ஸ் பாறை முகட்டில் கடலைப் பார்த்தபடி போகிறார்கள். நமக்கு உள்நாட்டு வழி, விண்டோவர் ஹில், ஜெவிங்டன் என்று. சரி, மலைச்சரிவில் வெள்ளைக்கோட்டில் வரைந்த வில்மிங்டன் நெடுமனிதன் உருவத்தையாவது பார்க்கலாம் என்று ஆசையாகப் போனேன். பாதை அவர் தலைக்கு மேலே போகிறது. 70 மீட்டருக்கு மேல் உயரமான ஆளுக்கு மேலேயே நிற்கிறேன், ஆளைக் காணோம்! கீழே ஊர்ப்பக்கம் போய் நின்றால்தான் தெரிவாராம். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கடவுளைத் தவறவிட்டேன்.

பழங்கல்

வருத்தப்பட வேண்டாம் தம்பி. 2003இல் தோண்டிப் பார்த்தபோது அவர் 16 அல்லது 17ஆம் நூற்றாண்டுக்காரர் என்ற பக்கம்தான் சான்று சாய்ந்தது. நீங்கள் பார்க்கத் தவறிய வெள்ளைக்கோடு 1969இல் பதித்த கான்கிரீட் கட்டிகள்.

நிஜமாகவே பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் ரிட்ஜ்வே என்ற நெடும்பாதைக்குப் போங்கள். அங்கே மலைச்சரிவில் உள்ள அஃபிங்டன் வெள்ளைக்குதிரை உருவம் 110 மீட்டர் நீளம், ஏறக்குறைய 3000 வருஷம். ஏவ்பரி பக்கத்து ஓவர்டன் ஹில்லில் தொடங்கினால் தேம்ஸ் கரையில் கோரிங் வரை சைக்கிளில் போகலாம். ஆற்றைத் தாண்டிய பாதியில் வெறும் நடைபாதைத் துண்டுகள் வரும், அங்கே சுற்றுவழி பார்க்க வேண்டும். பார்பரி காசில் கோட்டைக்குள்ளேயே பாதை போகிறது. அந்தக் கொஞ்ச தூரம் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்வது. வெயில் மாதத்தில் போங்கள். மழைக்குப் பிறகு அந்தச் சேறு டயருக்கும் சைக்கிள் சட்டகத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டால் சக்கரமே சுற்றாது.

சங்கிலிச்சாமி

பாதை உள்ளே போகிறதென்றால் ஏன் இறங்க வேண்டும்? நான் மெதுவாக ஓட்டுவேன். இதில் அக்காவோடு எனக்கு ஒத்துவராது.

நடைராஜா

ஓவர்டன் ஹில்லிலிருந்து நானும் கிளம்புகிறேன் பாண்டி. உங்களுக்கு ஒரு நாள் முன்னால், நடந்து. வேலண்ட்ஸ் ஸ்மிதி கல்லறைக்கு நீங்கள் முதலில் வருகிறீர்களா, நானா பார்ப்போம். அங்கே குதிரையையும் ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைப்பான் என்று கதை. மணி வாங்கிவிட்டீர்களா?

பஞ்சர்பாண்டி

நேற்றே வாங்கிவிட்டேன் அண்ணே. அந்தக் கொல்லன் பஞ்சர் ஒட்டுவானா?