மறு: ஆங்கர் டெக்ஸ்ட் – ‘நங்கூர உரை’யா, ‘கைகாட்டிச்சொல்’லா?

அனைவருக்கும் வணக்கம். இணையப் பக்கத்தில் சொடுக்கினால் வேறொரு பக்கத்தைத் திறக்கும் சொற்களை ஆங்கிலத்தில் ‘ஆங்கர் டெக்ஸ்ட்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘நங்கூர உரை’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலத்திலும் அதுதானே இருக்கிறது?

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நங்கூரம் கப்பலை நிறுத்துவது. நாம் பெயர் தேடும் சொல்லோ வாசகரை வேறொரு பக்கத்துக்கு அனுப்புவது. ‘உரை’க்கும் சொற்பொழிவு, விளக்கவுரை, உரைநடை என்று ஏற்கெனவே சுமை அதிகம்.

‘இணைப்புச்சொல்’ என்றுதான் நானும் எழுதிவந்தேன். ஆனால் ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘மேலும்’ போன்றவற்றுக்கு இலக்கணப் பாடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. ‘சுட்டுச்சொல்’லும் இலக்கணத்துக்கு உரியது. அதை விலக்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது: இணையதளங்களில் மலிந்துகிடக்கும் ‘இங்கே சொடுக்கவும்’ வெறும் சுட்டு. பக்கத்திலிருந்து பிரித்தெடுத்தால் அது எதையும் சுட்டுவதில்லை. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றோர் போன்றவர்கள் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைத்துக் கேட்பது உண்டு. ‘இங்கே’, ‘இங்கே’, ‘மேலும்’, ‘இங்கே’ என்று காதில் விழுந்தால் அவர்கள் எதைத் திறப்பார்கள்? இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களில் 2.4.4ஆம் விதி இதற்காகவே இருக்கிறது: இணைப்பு எதற்கானது என்பது அதன் சொற்களிலோ சூழலிலோ விளங்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘கைகாட்டிச்சொல்’. சாலை பிரியும் இடத்துக் கைகாட்டியில் ஊர்ப்பெயர் இருக்கும். ‘இப்படி’ என்று மட்டும் எழுதி யாரும் நடுவதில்லை. அந்தப் படிமம் மனத்தில் இருந்தால், எழுதுபவர் சேருமிடத்தின் பெயரைத் தாமாகவே எழுதிவிடுவார்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ‘விண்ணப்பப் படிவத்தைப் பெற இங்கே சொடுக்கவும்’ என்பதில் ‘படிவம்’ என்ற சொல்லுக்கு மட்டும் இணைப்புத் தர வழியில்லை. அத்துச் சாரியையும் ஐ உருபும் ஒட்டிவிட்டன; ‘படிவ’ என்பதோடு அடிக்கோடு நின்றால் கண்ணை உறுத்தும். ‘விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்குக’ என்று திருத்தி, முழுவதையும் கைகாட்டிச்சொல்லாக்குவதே நலம்.

அப்படியானால் அது தொடராயிற்றே, ‘சொல்’ பொருந்துமா என்று கேட்கலாம். கடவுச்சொல்லில் எண்ணும் குறியீடும் கலந்திருந்தும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டதல்லவா?

ரயில் பாதையின் சிக்னல் கம்பத்தையும் ‘கைகாட்டி’ என்பார்கள். அது குழப்பம் தரும் என்று கருதுபவர்கள் எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்