பழைய விண்டோஸ் போனிலிருந்து புதிய போனுக்கு மாறியதும் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிட்டன, அவசர உதவி தேவை

செம்பூர் டப்பா
29 டிசம்பர் 2019, ஞாயிறு, காலை 6.50

வணக்கம். என் போனில் செவ்வாய்க்கிழமையோடு வாட்ஸாப் நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்ததால், நேற்று ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி எண்களை எல்லாம் மாற்றியாகிவிட்டது. மாற்றிய பிறகு பாதிப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கின்றன. சில எண்கள் எண்களாகவே இல்லை. நாளை காலை பத்து மணிக்குள் அறுபது வீடுகளுக்குச் சாப்பாடு போக வேண்டும். யாருக்கு எது என்பது அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது. கடைக்காரர் போனில் குறை ஒன்றும் இல்லை என்கிறார். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

மாட்டுங்கா வடக்கு
காலை 7.15

பதற வேண்டாம், ஆனால் சில விவரங்கள் இல்லாமல் வழி சொல்ல முடியாது. பழைய போன் எந்த மாடல், அதில் இருப்பது விண்டோஸ் 8.1 பதிப்பா அல்லது 10 பதிப்பா? எண்களை சிம் வழியாக மாற்றினீர்களா, புளூடூத் வழியாகவா, கணினி வழியாகவா? பழைய போனில் பெயர்கள் இன்னும் சரியாகத் தெரிகின்றனவா? இவற்றுக்குப் பதில் வரும்வரை பழைய போனை ரீசெட் செய்யவோ, யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.

சயான் சர்வீஸ்
காலை 7.40

நான் பதினான்கு வருடங்களாகக் கைபேசி பழுது பார்ப்பவன். இது தமிழ் எழுத்துருச் சிக்கல். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துரு முழுமையாக இருக்காது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, மென்பொருளைப் புதுப்பித்து, போனை ஒரு முறை அணைத்து எழுப்பினால் பெயர்கள் தாமாக வந்துவிடும்.

முலுண்ட் தம்பி
காலை 7.55

எழுத்துரு இல்லை அண்ணா, எனக்கு சிம் அட்டை மீதுதான் சந்தேகம். சிம்மில் பொதுவாக 250 பெயர்கள்தான் அடங்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் கூடுதல் இடம் பிடிப்பதால், பெயரின் நீளம் பாதியாகக் குறைந்துவிடும். என் அம்மாவின் போனில் ‘பெரியம்மா’ என்பது ‘பெரிய’ என்று நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

தாணே நிரலாளன்
காலை 8.20

ஒவ்வொரு போன் இயங்குதளம் மூடப்படும்போதும் கடைசி இரண்டு நாட்களில் இதே கேள்வி வருகிறது. விண்டோஸ் போன் 8.1 பதிப்புக்கான ஆதரவு 2017 ஜூலையிலேயே முடிந்தது. புதிய வசதிகளிலோ புதிய கருவிகளிலோ கவனம் செலுத்தப்போவதில்லை என்று அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உயர் பொறுப்பாளர் ஜோ பெல்ஃபியோர் அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தும், தொழிலுக்கே ஆதாரமான தகவலை ஒரே போனில் வைத்திருந்தது பொறுப்பான செயல் அல்ல. இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

சயான் சர்வீஸ் சொன்னதும் தவறு. எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். கேள்விக்குறி தெரிந்தால், எழுத்தே அழிந்து அதன் இடத்தில் கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். அப்படி அழிந்ததை எந்த எழுத்துருவாலும் மீட்க முடியாது. முலுண்ட் தம்பி சொல்வதுபோல் சிம் பெயரைத் துண்டிக்கும், கேள்விக்குறியாக்காது.

செம்பூர் டப்பா
காலை 9.40

லூமியா 640. அண்ணன் மகன் கணினியில் செய்து கொடுத்தான், அவன் இப்போது ஊருக்குப் போய்விட்டான். ‘டாக்டர் அம்மா, பி விங் 402, காரம் குறைவு’ என்பதுபோல் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியவை சரியாக வந்திருக்கின்றன. கணினிக் கோப்பில் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பழைய போனில் இப்போதும் தெரிகிறது. அடுப்பில் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மாட்டுங்கா வடக்கு
காலை 9.52

அம்மா, ‘கணினிக் கோப்பில் பார்த்தபோது’ என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டே கேள்விகள். அந்தக் கோப்பை உங்கள் அண்ணன் மகன் எக்செல்லில் திறந்து, ஏதாவது திருத்திச் சேமித்தாரா? கெட்டுப்போன எண்கள் எல்லாம் முன்னால் +91 போட்டுச் சேமித்தவையா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

முலுண்ட் தம்பி
காலை 10.10

பழைய போனிலேயே பெயர்களையும் குறுஞ்செய்திகளையும் மெமரி கார்டில் எடுத்து வைக்க லூமியாவுக்கென்று ஒரு செயலி இருந்தது. அதை இறக்கிக்கொண்டால் கணினியே தேவைப்படாது.

தாணே நிரலாளன்
காலை 10.25

போனில் 8.1 பதிப்பு இருந்தால் இறக்க முடியாது. அந்தப் பதிப்புக்கான செயலிக் கடை இந்த மாதம் 16ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஏற்கெனவே போனில் இருக்கும் செயலிகள் மட்டும் ஓடும். மாட்டுங்கா வடக்கு முதலிலேயே பதிப்பைக் கேட்டது இதற்காகத்தான். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சயான் சர்வீஸ்
காலை 10.50

எழுத்துரு பற்றி நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவைப் பொறுப்பற்றவர் என்று சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லூமியா 640 போனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வரும், பேட்டரியை நாமே மாற்றலாம். மாவு அப்பிய கையோடு எடுத்தாலும் பெரிய கட்டங்கள் பளிச்சென்று தெரியும். நன்றாக ஓடுகிற பொருளை ஒருவர் ஏன் தூக்கிப் போட வேண்டும்? கைவிட்டது நிறுவனம், வாங்கியவர் அல்ல.

தாணே நிரலாளன்
காலை 11.05

நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது முழு உண்மை ஆகாது. செயலிகள் வராததால் மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் செயலிகள் வரவில்லை. 2013இல் யூடியூப் செயலி விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தானே ஒரு செயலியை எழுதி வெளியிட்டது. கூகுள் அதை எடுக்கச் சொன்னது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 2014 ஏப்ரலில் கையகப்படுத்திவிட்டு, அடுத்த ஆண்டே 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளினார்கள். அவ்வளவு பணம் போட்டும் நடக்காததை வேறு எப்படி நடத்தியிருக்க முடியும்?

சயான் சர்வீஸ்
காலை 11.30

பணம் போட்டார்கள், ஆனால் நம்பி வாங்கியவரை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது, அதற்கு முந்தைய போன் எதற்கும் அது கொடுக்கப்படவில்லை. ஆறு மாதத்துக்கு முன் வாங்கியவர்கூட 7.8 பதிப்போடு நின்றார். பிறகு 10 பதிப்பு வந்தபோது பல லூமியாக்களை மறுபடியும் விட்டுவிட்டார்கள். லூமியா 520 வைத்திருந்த ஆட்டோக்காரர்களும் மாணவர்களும் என் மேசைக்கு வந்து, “அண்ணா, இதற்கு புதுசு போட முடியுமா?” என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வருத்தமாக இருக்கும். செயலி இல்லாததைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முலுண்ட் தம்பி
காலை 11.45

இந்த ஆண்டு மே 31ஆம் தேதி பிளாக்பெரியின் செய்திச் செயலியான பிபிஎம் மூடப்பட்டபோது என் மாமாவும் இதே வருத்தத்தில் இருந்தார். ஆண்ட்ராய்டும் ஒரு நாள் இப்படி ஆகாது என்று யார் சொல்ல முடியும்? அதற்கு ஐபோனே மேல் இல்லையா?

மாட்டுங்கா வடக்கு
நண்பகல் 12.05

எந்தப் போன் நிலைக்கும் என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அறுபது வீடுகள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கின்றன.

செம்பூர் டப்பா
மதியம் 2.30

ஆம், எக்செல்லில் திறந்து இரட்டைப் பதிவுகளை நீக்கிச் சேமித்தானாம், போனில் கேட்டேன். +91 போட்டவை மட்டும்தான் கெட்டிருக்கின்றன, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? 9.19 என்று தொடங்கி நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்து வருகிறது.

மாட்டுங்கா வடக்கு
மதியம் 2.55

இனி கவலை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் மறுபடியும் நடக்காது.

கணினிக் கோப்பில் தமிழைச் சேமிக்க யூனிகோடு வேண்டும்; அது எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறை. பெயர்களை ஏற்றுமதி செய்து எடுத்த கோப்பை எக்செல்லில் வழக்கமான முறையில் சேமித்தால், அது பழைய ஆங்கிலக் குறியேற்றத்தில் போய் விழுகிறது. அந்தக் குறியேற்றத்தில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி எழுதப்படுகிறது. சேமிக்கும் நொடிவரை திரையில் எல்லாம் சரியாகத் தெரியும்; உங்கள் அண்ணன் மகன் கண்ணுக்குத் தப்பியது அதனால்தான், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். எண்களின் கதையும் இதே. +91 சேர்ந்தால் பன்னிரண்டு இலக்கம். அதை எக்செல் தொலைபேசி எண் என்று பார்க்காமல் பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டு, முதல் ஆறு இலக்கங்களை மட்டும் வைத்து, மீதியைச் சுருக்கி எழுதிவிடுகிறது. பத்து இலக்கத்தில் எழுதியவை அதனால்தான் தப்பித்தன.

ஆக, அந்தக் கோப்பில் போனது போனதுதான். அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் உங்கள் லூமியா, பெயர்களை மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் வைத்திருக்கும். கணினியில் அவுட்லுக் தளத்துக்குப் போய், அந்தக் கணக்கில் நுழைந்து, தொடர்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘டாக்டர் அம்மா’ அங்கே தமிழில் இருந்தால் வேலை முடிந்த மாதிரிதான். கோப்பாக மறுபடியும் ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பை எதிலும் திறக்காதீர்கள். இரட்டைப் பதிவு இருந்தால் இருக்கட்டும்.

அடுத்து, அதே கணினியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறங்கள். அங்கே மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. முப்பது நாட்களுக்குள் எந்த நிலைக்கும் திரும்பலாம். நேற்று இறக்குமதி செய்ததற்கு முந்தைய நேரத்தைக் கொடுத்துக் கெட்டுப்போனவற்றை நீக்கிவிட்டு, புதிய கோப்பை நேரடியாக இறக்குமதி செய்யுங்கள். இரட்டைப் பதிவுகளை அங்கேயே ஒன்றாக்கிக்கொள்ளலாம். சிறிது நேரத்தில் புதிய போனில் தாமாக வந்து சேரும்.

வாட்ஸாப் உரையாடல்களை விண்டோஸ் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்ற அதிகாரப்பூர்வமான வழி இல்லை. முக்கியமானவற்றைப் பழைய போனிலிருந்தே மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிட்டு, அதன் பிறகே புதிய போனில் அதே எண்ணைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த கணமே பழைய போனில் வாட்ஸாப் வெளியேறிவிடும். படங்களை யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அவசரம் இல்லை.

தாணே நிரலாளன்
மாலை 3.20

விளக்கம் சரியானது. ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாம் சரியானதும், கூகுள் பக்கத்திலிருந்து விகார்டு என்ற பொதுவான தொடர்புக் கோப்பு வடிவில் ஒரு பிரதி எடுத்து மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், இனி வரப்போகும் எதுவானாலும் அந்த வடிவத்தைப் படிக்கும். மாதம் ஒரு முறை எடுத்தால் போதும். காலையில் நான் சொன்ன முறை கடுமையாக இருந்திருக்கலாம். சொல்ல வந்தது இதைத்தான்.

சயான் சர்வீஸ்
மாலை 4.00

அம்மா, கணினியில் உட்கார ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஆறு மணிக்குக் கடையை மூடிவிட்டு வருகிறேன். சயானிலிருந்து செம்பூர் வர அதிக நேரம் ஆகாது. காசு எதுவும் வேண்டாம்.

செம்பூர் டப்பா
இரவு 9.15

வந்துவிட்டது. டாக்டர் அம்மா, 402, காரம் குறைவு, எல்லாம் தமிழில். பதினொரு பேர் மட்டும் இல்லை, அவர்கள் பழைய சிம்மில் இருந்தார்கள், முலுண்ட் தம்பி சொன்ன மாதிரி பெயர் பாதியில் நின்றிருந்தது, கையால் எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் கணினியில் உதவினாள், சயான் அண்ணா சிரமப்பட வேண்டாம். எல்லோருக்கும் நன்றி. பருப்பு ஊறப்போட வேண்டும்.

தாராவி 90 அடி
30 டிசம்பர் 2019, காலை 8.05

ஐயா, எனக்கும் இதே நிலைமை. லூமியா 520. அதில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இல்லை. ரீசெட் செய்தால் புதிதாகக் கேட்கும் என்று கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

மாட்டுங்கா வடக்கு
காலை 8.09

செய்யாதீர்கள். ரீசெட் செய்தால் போனில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், கணக்குக் கடவுச்சொல்லும் கிடைக்காது. போன் இப்போது திறக்கிறதா? அந்தக் கணக்குக்கு மீட்பு எண்ணாக எந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தீர்கள், அந்த சிம் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா?