யேட்ஸ், கோல்மன் வீடியோ பார்த்துப் பளு தூக்குறோம்: எதை எடுக்கலாம், எதை விடணும்?

கொட்டகலை22
வணக்கம். வயசு 22, எடை 61 கிலோ, தொடங்கி நாலு மாசம். ஜிம் இல்லை, தம்பியோட சேர்ந்து வீட்டுலயே செய்றேன். நாலு லீட்டர் பெயின்ட் டின்ல சீமெந்துக் கலவை ஊத்தி, ஏழடி ஜீஐ பைப்புல பக்கத்துக்கு மூணா மாட்டியிருக்கோம். மொத்தம் 60 கிலோ போல வரும். உடற்கட்டு வீரர்கள் டோரியன் யேட்ஸ், ரொனி கோல்மன் வீடியோக்களைப் பார்த்து அட்டவணை போட்டேன்: நெஞ்சுக்கு ஒரே நாள்ல 20 செட் (நிறுத்தாம தொடர்ந்து தூக்குறது ஒரு செட்), முதுகுக்கு 20, எல்லாமே இனி முடியாதுங்குற வரைக்கும். இப்ப பெஞ்ச்ல படுத்து மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ்ல தோள் முன்பக்கம் குத்துது. தரையில இருந்து தூக்குற டெட்லிஃப்ட் செஞ்ச மறுநாள் அடிமுதுகு பிடிச்சுக்குது. காலுக்கு வலி இறங்கல, மரத்தும் போகல. இவங்ககிட்ட இருந்து நாங்க எதை எடுக்கலாம்?

இரும்புப்பட்டறை
தம்பி, ரெண்டு பேரோட முறையையும் கலந்துட்டீங்க. 1992 முதல் 1997 வரை ஆறு தடவை மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியில ஜெயிச்ச யேட்ஸ் 20 செட் செஞ்சவர் இல்லை. ஒரு பயிற்சிக்கு ஒண்ணு ரெண்டு வார்ம்-அப், அப்புறம் உச்சம் வரைக்கும் ஒரே செட். அந்தக் கடுமையை நீங்க இருபதால பெருக்கியிருக்கீங்க. எந்த மூட்டும் அதைத் தாங்காது.

அவர்கிட்ட எடுக்க வேண்டியது எடையை இறக்குற விதம். மெதுவா, பிடி விடாம இறங்கும். அடியில துள்ளவே துள்ளாது. அடுத்தது, செஞ்சதை எல்லாம் எழுதி வைக்குற பழக்கம். ஒரு சீஆர் கொப்பி போதும்: திகதி, எடை, ரெப் (ஒரு செட்ல தூக்கின தடவை), எங்க வலிச்சுது.

அவருக்கு நடந்ததும் பாடம்தான். 1994ல உள்ளங்கை மேல பார்க்கப் பிடிச்சு பார்பெல் ரோ (குனிஞ்சு நின்னு பாரை வயித்துப் பக்கம் இழுக்குறது) செய்யும்போது இடது மேல்கையோட முன்பக்கத் தசை, பைசெப்ஸ், கிழிஞ்சது. அந்தப் பிடியில கை நீண்டிருக்குற நேரம் பைசெப்ஸை எலும்போட சேர்க்குற நாண்ல இழுவை அதிகம். அப்ப வெட்டி இழுத்தா நாண் போயிரும். 1997ல மேல்கையோட பின்பக்கத் தசை, டிரைசெப்ஸ், கிழிஞ்சது. நாலு மாசத்துல தசைக்குப் பலம் கூடிரும், தசைநாண் அவ்வளவு வேகமா உரமேறாது. ஊக்கமருந்து பாவிச்சதை யேட்ஸே வெளிப்படையாச் சொல்லியிருக்கார். அந்த வேகத்தை மருந்தில்லாத உடம்புகிட்ட எதிர்பார்க்காதீங்க.

கோல்மன் 800 இறாத்தல், அதாவது 363 கிலோ வச்சு ரெண்டு ரெப் ஸ்குவாட் (பாரைத் தோள்ல வச்சு உட்கார்ந்து எழும்புறது) செஞ்சவர். பிற்காலத்துல முதுகுலயும் இடுப்புலயும் பல அறுவைச் சிகிச்சை. அவர்கிட்ட பார்க்க வேண்டியது, அந்த எடைக்கு முன்னால படிப்படியா ஏத்துற செட்டுகளை.

உங்களுக்கு வாரம் மூணு நாள், ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட் போதும். இன்னும் ரெண்டு ரெப் வரும்னு தெரியும்போதே நிறுத்துங்க. ஒரு பயிற்சியோட மூணு செட்லயும் 12 ரெப் சுத்தமா வந்தா 2.5 கிலோ கூட்டுங்க. டின்ல இதுதான் சிக்கல்: ஒரு டின் 9.5 கிலோ, ஜோடியாப் போட்டா ஒரேயடியா 19 கிலோ ஏறும். அரை லீட்டர் கலவையில தட்டு ஊத்துங்க, ஒண்ணு 1.2 கிலோ வரும். ஒவ்வொண்ணையும் தேயிலைக் கொழுந்து நிறுக்குற தராசுல போட்டு, ரெண்டு பக்கமும் சமமான்னு பாருங்க.

பிசியோ_பண்டாரவளை
முதுகுவலிக்குக் காரணம் பெரும்பாலும் டின்னோட விட்டம். போட்டித் தட்டு 45 செ.மீ., அதனால பாரோட மையம் தரையில இருந்து 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். உங்க டின் 18 செ.மீ. இருந்தா மையம் 9தான். மிச்ச 13.5 செ.மீ. குனியுறதுக்கு அடிமுதுகு வளையுது. ரெண்டு பக்கமும் அந்த உயரத்துக்குப் பலகை அடுக்கி, டின் உருளாம ஆப்பு வச்சுத் தூக்குங்க. பார் பாதத்தோட நடுவுக்கு மேல இருக்கணும். தூக்க முந்தி வயித்தை இறுக்குங்க.

தோளுக்கு: முழங்கை உடம்போட 90 பாகையில விரியுதான்னு தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க. 45க்கும் 60க்கும் நடுவுல வைங்க. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து பெஞ்ச்ல அழுத்துங்க. பார் நெஞ்சோட கீழ்ப்பாதியில தொடணும். பெருவிரல் பாரைச் சுத்தி இருக்கணும். அப்படியும் குத்தினா ரெண்டு வாரம் பெஞ்சை விட்டுட்டு ரோ மட்டும் செய்யுங்க.

தை மாசக் குளிர்ல விடியக் காலை நேரா பாரைப் பிடிக்காதீங்க. பத்து நிமிஷம் படி ஏறி இறங்கி வேர்வை வந்த பிறகு வெறும் பைப்புல 12, பாதி எடையில 6, முக்கால்ல 3. பகல்ல 50 கிலோ உரமூட்டை சுமக்குற வேலைன்னா அதுவும் முதுகுப் பயிற்சிதான். அன்னைக்கு டெட்லிஃப்ட் வேணாம்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்தி டொக்டர்கிட்ட காட்டுங்க. சிறுநீர் அடக்க முடியாமப் போனாலோ, தொடை இடுக்குல உணர்வு குறைஞ்சாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

பருப்புக்கறி
ஒண்ணு விட்டுப் போச்சு. 20 செட் மாதிரி உடம்பைப் பிழிஞ்ச பிறகு சிறுநீர் பிளேன்டீ (பால் சேர்க்காத தேத்தண்ணி) நிறத்துல போனா, தசை சிதைஞ்சு சிறுநீரகத்துக்குப் போகுதா இருக்கலாம். தண்ணி குடிச்சுட்டு வீட்டுல இருக்காதீங்க, அன்னைக்கே போகணும்.

சாப்பாடு: கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்னா உங்களுக்கு நாளுக்கு 98 கிராம் போல. முட்டை ஒண்ணுல 6, சமைக்காத பருப்பு 100 கிராம்ல 24 இருக்கும். நெத்தலி, கடலையும் சேர்த்துக்குங்க. வெறும் ரொட்டியும் சம்பலும் பத்தாது.

கொட்டகலை22
ரொம்ப நன்றி. தம்பி இல்லாத நாள்ல பெஞ்சுக்குப் பதிலா தரையில படுத்து பிரஸ் பண்ணலாமா?

பிசியோ_பண்டாரவளை
உங்க டின்னை வச்சு வேணவே வேணாம். பெரிய தட்டுன்னா விழுந்தாலும் பாருக்கும் தரைக்கும் இடையில 20 செ.மீ.க்கு மேல இருக்கும். உங்களுக்கு 9 செ.மீ.கூட மிஞ்சாது, கழுத்துல விழுந்தா தப்ப இடமே இல்லை. தனியா இருக்குற நாள் தண்டால் எடுங்க. லேசா இருந்தா காலை பெஞ்ச் மேல வைங்க, அதுவும் லேசானா ஸ்கூல் பேக்ல 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு மேல்முதுகோட இறுக்கிக் கட்டுங்க. மூணு செட், 8ல இருந்து 15 ரெப்.