ட்ரவுட் பிடிக்கத் தீர்த்தன் போக எது நல்ல நேரம்?

வணக்கம். கடலூர் முதுநகரில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வேலை குறைவு. மச்சானும் நானும் இமாச்சலில் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் (குளிர்ந்த ஆற்று நீரில் வாழும் மீன்) பிடிக்கப் போகலாம் என்றிருக்கிறோம்.

உப்பனாற்றில் கொடுவாவுக்குத் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. ஆனால் முள்ளில் இறகு கட்டிப் பூச்சிபோல மிதக்கவிடும் ஃப்ளை ஃபிஷிங் புதிது. ஈயக்குண்டு கிடையாது, லைனின் (தூண்டில் கயிற்றின்) எடையை வைத்தே வீச வேண்டும். தேவனாம்பட்டினம் மணலில் வீசிப் பார்த்தேன், என் காதில்தான் மாட்டியது!

மார்ச்சில் சீசன் திறந்துவிடுகிறது. மே மாதம் பனி உருகி ஆறு கலங்கிவிடுமா, ஏப்ரல் கடைசியே மேலா? ஒன்பது அடி நீளத்தில், ஐந்தாம் எண் எடை லைனுக்கான ராடு (தூண்டில் கோல்) போதுமா? மீன்துறை உரிமச்சீட்டை அங்கே பக்கத்து ஊரான பஞ்சாரிலேயே வாங்கலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடப்போகிறோம் என்பதை மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.