தலைக்கு மேல் சூடு, காலடியில் குளிர்: எங்கள் பேஸ்மென்ட் அனுபவம்

வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டில் சுவர், தரை, சீலிங் எல்லாம் முடித்த பிறகுதான் சூட்டைப் பற்றியே யோசித்தோம். குளிர் தொடங்கியதும் 1,500 வாட் ஹீட்டர் ஒன்றைச் செருகினேன். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் வேக்யூம் கிளீனரைப் போட்டதும் 15 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் தெர்மாமீட்டரைத் தரையில் வைத்துப் பார்த்தேன்: 14 டிகிரி. ஏணியில் ஏறி சீலிங் பக்கத்தில் பிடித்தேன்: 23! வீடு முழுவதற்கும் சூடான காற்று அனுப்பும் இயந்திரம்தான் ஃபர்னஸ். அதன் காற்று வரும் வென்ட் எல்லாம் மேலே. சூடான காற்று அங்கேயே தேங்கிவிட, கீழே கிடக்கும் குளிர்ந்த காற்றை இழுக்க ரிட்டர்ன் வென்ட் ஒன்றுகூட இல்லை. போதாததற்குத் தெர்மோஸ்டாட் மேல்தளத்தில். அங்கே சூடேறியதும் ஃபர்னஸ் நின்றுவிடும்.

தரையோரமாக ஒரு ரிட்டர்ன் வைத்தோம். கேஸில் ஓடும் ஃபர்னஸுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் பக்கத்தில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள். எரிந்த புகையை வீட்டுக்குள் இழுக்கும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடித்தளச் சுவரின் மேல் விளிம்பில், மரச்சட்டம் உட்காரும் இடத்தில், ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தேன். படபடவென்று அடித்தது. அங்கே இருந்த இடுக்கு வழியே வெளிக்காற்று வந்துகொண்டிருந்தது. அந்த இடுக்கை ஃபோம் வைத்து அடைத்தபிறகுதான் அறையில் சூடு நின்றது. ஹீட்டர் வாங்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

—

உங்கள் பதிவைப் படித்தேன். நீங்கள் சொன்ன அந்த இடுக்கை எங்கள் பேஸ்மென்ட்டில் நானும் இன்றே பார்க்கிறேன். எங்களுக்கு நேர்ந்தது வேறு. டைல்ஸுக்கு அடியில் மின்சார ஹீட்டிங் மேட் விரித்தோம். அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இன்சுலேஷன் போடவில்லை. காலையில் போட்டால் மதியம்தான் கால் வெதுவெதுக்கும். சூடு முழுக்கக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப் வைத்தோம். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே தரும், ஏ.சி. போன்ற கருவி அது. ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு தருகிறது. கடுங்குளிரில் அது குறையும். சுவரில் உயரத்தில் மாட்டுவதை விட்டுவிட்டுத் தரையோரம் வைக்கும் மாடலாக எடுத்தோம். வெப்பக்காற்று நேரே காலடியில் வருகிறது. மகள் இப்போது அங்கேதான் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைகிறாள்.