புதுப்பிப்பு: கென்யா ஊழியத்துக்குக் குழந்தைகளோடு போவோர் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து குடும்பத்தோடு கென்யாவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போவோருக்காக எழுதிய இழையில் ஒரு பிழை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று 10 ஆண்டு செல்லும் என்றிருந்தேன். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும்.

ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். அதில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவதால் குழந்தையின் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பியுங்கள் (5 ஆண்டுதான் தருகிறார்கள்). எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) பாக்கி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் உயிருள்ள கிருமி ஊசிகள், ஒரே நாளில் போடாவிட்டால் 4 வார இடைவெளி வேண்டும். 9 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பொதுவாகப் போடமாட்டார்கள். முட்டை ஒவ்வாமை கடுமையாக இருந்தாலும் அப்படியே. இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் பக்கம்.

மஞ்சள் அட்டையை (தடுப்பூசிச் சான்றை) பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பாதீர்கள், கைப்பையில் வையுங்கள். கிறிஸ்மஸுக்கு ஊர் திரும்பும்போது அது இல்லையென்றால் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்; பச்சைக் குழந்தையோடு அது பெரும் பாடு.

குழந்தையின் பிறப்புச் சான்றில் "பெயர்" கட்டம் காலியா? பள்ளிச் சேர்க்கை அங்கேயே முட்டும். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் இப்போதே பெயரைச் சேருங்கள்.